‘ஆல்’ உருபும் முதலாம் வரிசைத் தாக்கக் கணக்குகளும்

கல்லூரி யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, சங்கப் புலவரொருவரைப் பற்றியோ புணர்ச்சி விதியொன்றைப் பற்றியோ யாம் எழுதுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். இரசாயனவியற் கணக்கொன்றைப் பற்றி எழுதப்போகின்றோம் என்றதும், எம்மிடம் தமிழ் கற்ற பழைய மாணவரொருவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததிற் பிழையில்லை. பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரத்துடன் தமிழ் கற்பிக்க வந்த எமக்கும் ஆய்வுகூடத்துக்கும் நீண்ட காலமாகத் தொடர்பு யாதும் இருந்ததில்லை. அத்தொடர்பு ஏற்பட்ட விதத்தைக் கூறினால், இக்கட்டுரையின் நோக்கமும் விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் விடுதியில் மாலைப் படிப்பு நேரத்தை மேற்பார்வை செய்யும் பொறுப்பு எமக்கிருந்தது. ஒரு நாள் உயர்தர வகுப்பு மாணவனொருவன் புத்தகத்தைத் திறவாமலே உட்கார்ந்திருந்தான். காரணம் கேட்டபோது தவணைப் பரீட்சை விடைத்தாளை நீட்டினான். தாக்கவீதக் கணக்கொன்றுக்கு ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. “ஐயா, எனக்கு விஞ்ஞானம் சரிவராது, கலைப் பிரிவுக்கு மாறிவிடுகின்றேன்” என்றான். கலைப் பிரிவுக்கு வரும் மாணவனை வரவேற்க வேண்டியவர் யாமே. ஆனால் விடைத்தாளைப் பார்த்தபோது எமக்கொரு ஐயம் எழுந்தது. மடக்கை எடுத்தலிலோ பெருக்கலிலோ வகுத்தலிலோ எந்தப் பிழையும் தெரியவில்லை. பக்கம் முழுவதும் ஒழுங்காகவே இருந்தது. முதல் வரியில் மாத்திரம் சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

வினா இதுவே: “முதலாம் வரிசைத் தாக்கமொன்றில் தாக்கியின் செறிவு 40 நிமிடத்தில் 20 வீதத்தால் குறைந்தது. அரைவாழ்வுக் காலத்தைக் காண்க.” மாணவன் எழுதிய முதல் வரி: “எஞ்சியது 20.” எஞ்சியது 80 அன்றோ என்று கேட்டோம். “20 வீதத்தால் என்றாலும் 20 வீதமாக என்றாலும் ஒன்றுதானே ஐயா?” என்று அவன் திருப்பிக் கேட்டான். அந்தக் கேள்வி எம்மைத் தைத்தது. ஆறாண்டுகள் அவனுக்குத் தமிழ் கற்பித்தவர் யாம். அவன் இழந்த புள்ளி இரசாயனப் பாடத்துக்குரியதாயினும், பிழை எமது பாடத்துக்குரியது.

மறுநாள் இரசாயன ஆசிரியரை அணுகி, இவ்வகைக் கணக்குகளை எமக்கும் சொல்லித்தருமாறு வேண்டினோம். அவர் பொறுமையுடன் கற்பித்தார். கீழ் வருவன அவரிடம் கற்றவையும், கற்றபின் மாணவரோடு இருந்து கணக்குச் செய்து யாம் கண்டவையுமாகும். குறையிருப்பின் அது எம்முடையது.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். நெல் நிறைந்த இரு களஞ்சியங்கள் இருக்கின்றன எனக் கொள்க. ஒரு வீட்டார் நாள்தோறும் தவறாது பத்துக் கொத்து நெல்லை எடுக்கின்றனர். களஞ்சியம் நிறைந்திருப்பினும் குறைந்திருப்பினும் அவர்கள் எடுப்பது பத்துக் கொத்தே. மற்ற வீட்டில் ஒரு முதியவர் இருக்கின்றார். அவர் ஒவ்வொரு நாளும் காலையில் எஞ்சியிருக்கும் நெல்லைப் பார்த்து, அதிற் பத்தில் ஒரு பங்கை எடுக்குமாறு சொல்லுவார். முதல் நாள் 100 கொத்தில் 10 எடுப்பர்; மறுநாள் 90 கொத்தில் 9; அதற்கடுத்த நாள் 81 கொத்தில் 8.1. இருப்புக் குறையக் குறைய எடுப்பதும் குறையும். முதல் வீடு பூச்சிய வரிசைத் தாக்கம். இரண்டாவது வீடு முதலாம் வரிசைத் தாக்கம். தாக்கவீதம் தாக்கியின் செறிவுக்கு நேர்விகிதசமமாயிருப்பதே முதலாம் வரிசையின் இலக்கணம். ‘வரிசை’ என்ற சொல்லைக் கேட்டதும், பல படிகளில் நிகழும் தாக்கத்தின் முதற்படி எனப் பொருள் கொள்ளும் மாணவருமுளர். ஈண்டு வரிசை என்பது செறிவின் அடுக்கைக் குறிக்கின்றதேயன்றி நிரலில் நிற்கும் இடத்தையன்று.

முதியவர் நாளுக்கொரு முறைதான் அளக்கின்றார். தாக்கமோ கணந்தோறும் நிகழ்கின்றது. அவ்வாறு கணந்தோறும் குறைவதைத் தொகையிட்டுப் பெறும் முடிவைச் சொல்லளவில் இப்படி எழுதலாம்:

வீத மாறிலி = (2.303 ÷ காலம்) × மடக்கை (தொடக்கச் செறிவு ÷ எஞ்சிய செறிவு)

2.303 என்ற எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. தொகையீட்டில் வருவது இயற்கை மடக்கை. எமது மடக்கை அட்டவணையோ பத்தை அடியாகக் கொண்டது. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கான எண்ணே அது. எஞ்சிய செறிவு தொடக்கச் செறிவின் அரைவாசியாகும்போது அடைப்புக்குள் 2 வரும். 2இன் மடக்கை 0.3010, அதை 2.303ஆற் பெருக்க 0.693 கிடைக்கும். ஆதலின் அரைவாழ்வுக் காலம் = 0.693 ÷ வீத மாறிலி. இவ்விரண்டு சமன்பாடுகளுமே இக்கணக்குகள் யாவற்றுக்கும் போதுமானவை. சமன்பாட்டை மனனஞ் செய்யாமற் பிழைவிட்ட மாணவனை யாம் அரிதாகவே கண்டோம். அடைப்புக்குள் எதை மேலே எதைக் கீழே வைப்பது என்பதிலேதான் இடறுகின்றனர்.

இனி அம்மாணவனின் கணக்குக்கு வருவோம். ‘20 வீதத்தால் குறைந்தது’ எனின், போனது 20, எஞ்சியது 80. 100ஐ 80ஆல் வகுக்க 1.25; அதன் மடக்கை 0.0969, 2.303ஆற் பெருக்க 0.2232, 40 நிமிடத்தால் வகுக்க வீத மாறிலி நிமிடத்துக்கு 0.00558. அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 124 நிமிடம். ‘20 வீதமாகக் குறைந்தது’ எனின், எஞ்சியது 20. 100ஐ 20ஆல் வகுக்க 5, மடக்கை 0.6990, 2.303ஆற் பெருக்க 1.610, 40ஆல் வகுக்க 0.0402. அரைவாழ்வுக் காலம் 17 நிமிடத்துக்குச் சற்று மேல். ஓர் உருபு மாறியதால் விடை ஏழு மடங்கு வேறுபட்டுவிட்டது!

‘ஆக’ என்பது ஆதல் வினையினின்று பிறந்த எச்சம். 20 வீதமாகக் குறைந்தது என்றால், குறைந்து குறைந்து 20 வீதம் என்னும் நிலையை அடைந்தது என்பது பொருள். அஃது அடைந்த இடத்தைச் சுட்டுகின்றது. ‘ஆல்’ கடந்த தூரத்தைச் சுட்டுகின்றது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என நன்னூலார் சொன்ன பொருள்களை வகுப்பிற் பல்லாண்டு உருப்போட வைத்தோம். வாளால் வெட்டினான், தச்சனால் செய்யப்பட்டது என்ற உதாரணங்களை மாணவர் தூக்கத்திலும் சொல்வர். அளவின் வேறுபாட்டைக் காட்டும் ‘ஆல்’ இன்று கணக்கிலும் விஞ்ஞானத்திலும் நாள்தோறும் வழங்குகின்றது. அதனை ஒரு முறையேனும் கரும்பலகையில் எழுதிக்காட்டினோமா என்றால், இல்லை. விலை 5 ரூபாவால் கூடியது, விலை 5 ரூபாவாகக் கூடியது என்னும் இரண்டையும் சந்தைக்குப் போகும் பிள்ளை மயங்காது பிரித்தறியும். பரீட்சைத் தாளில் மாத்திரம் மயங்குவானேன்? வாசிக்கும்போது எண்ணை மட்டும் பொறுக்கிக்கொண்டு உருபை உதறிவிடும் பழக்கமே காரணம் என்று கருதுகின்றோம்.

மடக்கை அட்டவணையைத் தொடுமுன்னரே விடை எவ்வளவில் இருக்கும் என மதிப்பிடவும் வழியுண்டு. 40 நிமிடத்தில் 20 வீதம் போயிற்று. அதே வேகம் நீடித்தால் 50 வீதம் போவதற்கு 100 நிமிடம் வேண்டும். ஆனால் வேகம் நீடிப்பதில்லை. இருப்புக் குறையக் குறையத் தாக்கம் தளரும். ஆகவே அரைவாழ்வுக் காலம் 100 நிமிடத்திலும் கூடியதாயிருத்தல் வேண்டும். 17 என்று விடை எழுதியவன் ஒரு கணம் நின்று நோக்கியிருந்தால், 40 நிமிடத்தில் ஐந்தில் ஒரு பங்கே போன பொருள் 17 நிமிடத்தில் அரைவாசி போயிருக்க முடியாதென்பதைக் கண்டிருப்பான்.

உருபு மயக்கம் ஒரு வகை. அளந்தது எது என்னும் மயக்கம் அதனினும் பெரிது. ஐதரசன் பரவொட்சைட்டு நீராகவும் ஒட்சிசனாகவும் பிரியும் தாக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஊக்கி சிறிது சேர்த்த கரைசலிலிருந்து குறித்த நேரங்களில் ஒரே அளவான மாதிரிகளைக் குழாயியால் எடுத்து, ஐதான சல்பூரிக்கமிலத்தில் ஊற்றித் தாக்கத்தைத் தணித்து, பொற்றாசியம் பரமங்கனேற்றுக் கரைசலால் நியமிக்கின்றனர். கணக்கொன்றில் தொடக்கத்தில் 24.0, 10 நிமிடத்தில் 18.7, 20 நிமிடத்தில் 14.6, 30 நிமிடத்தில் 11.3, 40 நிமிடத்தில் 8.8 மில்லிலீற்றர் பரமங்கனேற்றுச் செலவானது என இருக்கட்டும். பரவொட்சைட்டின் செறிவு எங்கே தரப்பட்டிருக்கின்றது என்று தேடி மாணவர் தவிப்பர். அது தேவையேயில்லை. பரமங்கனேற்று எஞ்சியிருக்கும் பரவொட்சைட்டுடனேயே தாக்கமுறுகின்றது. ஆதலால் அதன் கனவளவு எஞ்சிய செறிவுக்கு நேர்விகிதசமம். சமன்பாட்டில் வருவது ஒரு விகிதம். விகிதத்தில் அலகு வெட்டுண்டு போகும். 24.0ஐ 18.7ஆல் வகுத்துச் செய்தால் வீத மாறிலி 0.0250, 14.6ஆல் வகுத்துச் செய்தால் 0.0249, 11.3ஆல் 0.0251, 8.8ஆல் 0.0251. நான்கும் ஒன்றையே சொல்லுகின்றன. தாக்கம் முதலாம் வரிசையினது என்பதற்கு இதுவே சான்று. அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 27.7 நிமிடம்.

அதே தாக்கத்தை வேறொருவர் வேறுவிதமாகத் தொடர்கின்றார். வெளிவரும் ஒட்சிசனை அளவு குறித்த குழாயிற் சேர்க்கின்றார். 20 நிமிடத்தில் 19.7 மில்லிலீற்றரும், தாக்கம் முற்றாக முடிந்தபின் 50.0 மில்லிலீற்றரும் சேர்ந்தன. இங்கும் ‘கனவளவு’ என்ற அதே சொல்லே வழங்குகின்றது. ஆனால் ஒட்சிசன் போனதன் அளவு, எஞ்சியதன் அளவன்று. எஞ்சியது 50.0 - 19.7 = 30.3. 50.0ஐ 30.3ஆல் வகுத்தால் 1.650, வீத மாறிலி 0.0250, முன்னைய விடையே. 50.0ஐ நேரே 19.7ஆல் வகுத்தவனுக்கு 0.0466 என்றும், அரைவாழ்வுக் காலம் 15 நிமிடம் என்றும் வரும். 20 நிமிடமாகியும் பாதியான 25 மில்லிலீற்றர் சேரவில்லையே, 15 நிமிடத்தில் எப்படிப் பாதியாயிற்று என்று அவன் தன்னைத்தானே கேட்டிருத்தல் வேண்டும்.

இவ்வகைக் கணக்குகளுக்கெல்லாம் மூத்தது சீனிக் கரைசற் கணக்கு. 1850ஆம் ஆண்டில் வில்ஹெல்மி என்னும் ஜெர்மானிய அறிஞர், அமிலம் சேர்த்த சுக்குரோசுக் கரைசல் குளுக்கோசாகவும் பிரக்ரோசாகவும் மாறும் வேகத்தை முனைவுமானியால் அளந்து, எக்கணத்திலும் மாறும் அளவு அக்கணத்திலுள்ள சீனிக்கு நேர்விகிதசமம் எனக் கணித முறையில் நிறுவினார். தாக்கவீதத்துக்கு முதன்முதலாகச் சமன்பாடு எழுதியவர் அவரே. எனினும், 1884இல் ஒஸ்வால்ட் எடுத்துக்காட்டும் வரை அக்கட்டுரையைப் பெரிதாகப் பொருட்படுத்தியவர் இல்லை. இத்தாக்கத்தில் நீரும் பங்குபற்றுகின்றதே, அவ்வாறாயின் முதலாம் வரிசையாவது எங்ஙனம் என்று வினவலாம். நீர் மிகையாயிருப்பதால் அதன் செறிவு மாறுவது புலப்படுவதில்லை. கடலில் ஒரு குடம் மொண்டால் கடல் குறைந்ததென்பார் யார்? இதனைப் போலி முதலாம் வரிசை என்பர்.

சுக்குரோசு ஒளியின் தளத்தை வலப்புறம் திருப்பும். விளைபொருள்களுள் குளுக்கோசு வலமும் பிரக்ரோசு இடமும் திருப்பும். பிரக்ரோசின் திருப்பம் மிகுதியாதலால், முடிவிற் கரைசல் இடமாகத் திருப்பும். கணக்கொன்றில் தொடக்கத் திருப்பம் வலம் 24.0 பாகை, 60 நிமிடத்தில் பூச்சியம், தாக்கம் முடிந்தபின் இடம் 8.0 பாகை என்க. பூச்சியத்தைக் கண்டதும் சீனி தீர்ந்துவிட்டதென எழுதும் கைகள் பல. பூச்சியம் என்பது வலமும் இடமும் சமன்பட்ட நிலை, தீர்ந்த நிலையன்று. தீர்ந்த நிலை இடம் 8.0. அங்கிருந்தே தூரத்தை அளத்தல் வேண்டும். தொடக்கத்தில் தூரம் 24.0 + 8.0 = 32.0. 60 நிமிடத்தில் தூரம் 8.0. எனவே எஞ்சியிருப்பது கால்வாசிச் சீனி. கால்வாசியாவதற்கு இரண்டு அரைவாழ்வுக் காலங்கள் வேண்டும். ஆகவே ஒன்று 30 நிமிடம். மடக்கை அட்டவணைக்கு இங்கே வேலையே இல்லை.

வாயுத் தாக்கங்களில் மொத்த அமுக்கம் தரப்படும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். சல்பூரைல் குளோரைட்டு ஆவி கந்தகவீரொட்சைட்டாகவும் குளோரீனாகவும் பிரிகையில், ஒரு மூலக்கூறு போய் இரண்டு தோன்றுகின்றன. மொத்த அமுக்கம் கூடுகின்றது. 400 மில்லிமீற்றர் இரசமாயிருந்த அமுக்கம் 500 ஆயின், கூடியது 100, பிரிந்ததும் 100, எஞ்சியது 300. அடைப்புக்குள் வருவது 400 ÷ 300. 500 என்ற எண் அடைப்புக்குள் நேரே நுழைவதேயில்லை.

‘அரைவாழ்வுக் காலம்’ என்ற தொடரை விரிக்கும்போதும் கவனம் வேண்டும். ‘வாழ்வின் அரைவாசியான காலம்’ என விரித்தால், இரண்டு அரைவாழ்வு சேர்ந்து முழு வாழ்வாகி, பொருள் முடிந்துபோகும் என்ற எண்ணம் வரும். அவ்வாறு எண்ணி, 30 நிமிட அரைவாழ்வுடைய பொருள் 60 நிமிடத்தில் முற்றாகத் தீரும் என எழுதிய மாணவர் ஒருவரல்லர். ‘இருப்பு அரைவாசியாகும் காலம்’ என்றே விரித்தல் வேண்டும். இதற்கு எமது முன்னோரின் எண்சுவடி நல்ல துணை. ஒன்று, அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம்: ஒவ்வொன்றும் முன்னதன் பாதி. ஓர் அரைவாழ்வு சென்றால் அரை எஞ்சும். இரண்டு சென்றால் கால். மூன்று சென்றால் அரைக்கால். நான்கு சென்றால் வீசம், அதாவது பதினாறில் ஒன்று. இந்நிரல் குறைந்துகொண்டே போகும், பூச்சியத்தைத் தொடாது. பத்து அரைவாழ்வு சென்றபின் எஞ்சுவது 1,024இல் ஒரு பங்கு. 99.9 வீதம் தாக்கமுறுவதற்கு ஏறக்குறையப் பத்து அரைவாழ்வு வேண்டும் என்று இரசாயன நூல்கள் சொல்வதும் இதையே. எஞ்சியது 20 வீதம் எனக் கணக்கிற் கண்டால், அது காலுக்கும் அரைக்காலுக்கும் இடைப்பட்டது. எனவே சென்றவை இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட அரைவாழ்வுகள் என்று பேனாவை எடுக்குமுன்பே சொல்லிவிடலாம். எண்சுவடி இன்று எவ்வகுப்பிலும் ஓதப்படுவதில்லை. வீசம் என்றால் யாது என்று கேட்ட மாணவருக்கு, வீட்டிற் பாட்டியாரைக் கேளுங்கள் என்றோம். அவர்களுட் பலர் விடையோடு வந்தனர்.

‘வீதம்’ என்ற சொல்லும் ஓர் இடறுகல். நம் நாட்டு வழக்கில் 20 வீதம் என்றால் நூற்றுக்கு இருபது. இரசாயனத்தில் தாக்கவீதம் என்றால் தாக்கம் நிகழும் வேகம். ‘தாக்கவீதம் 20 வீதத்தால் குறைந்தது’ என்ற வாக்கியத்தில் இரண்டும் ஒருங்கே வருகின்றன. கலைச்சொல் ஆக்கியோரை யாம் குறைகூற வரவில்லை. மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய கிறீன் வைத்தியரின் முயற்சியால் 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் தமிழில் வெளிவந்த காலந்தொட்டு, இரசாயனத்துக்குத் தமிழிற் சொல் தேடுவோர் பட்ட பாடு சிறிதன்று. வகுப்பிலாவது ‘நூற்றுவீதம்’, ‘தாக்கவீதம்’ என முழுச் சொற்களையும் சொல்லுமாறு யாம் மாணவரைக் கேட்டுக்கொள்கின்றோம். ‘வீதம் மாறாது’ என்று ஒருவன் எழுதினான். மாறாதது வீத மாறிலியேயன்றி வீதமன்று. வீதம் கணந்தோறும் குறைகின்றது. மாறிலியும் வெப்பநிலை மாறாதிருக்கும் வரையிலேயே மாறாதிருக்கும். அலகைப் பற்றி ஒரு சொல்: முதலாம் வரிசை மாறிலியின் அலகிற் செறிவு இடம்பெறாது, காலம் மாத்திரமே வரும். நிமிடத்துக்கு 0.025 என்பதைச் செக்கனுக்கு மாற்றும்போது 60ஆல் வகுக்க வேண்டும், பெருக்குவோரே பெரும்பாலோர். ஒரு நிமிடத்திற் போகும் பங்கைவிட ஒரு செக்கனிற் போகும் பங்கு சிறிதன்றோ?

வெப்பநிலையாலும் மாறாத மாறிலியுடையது கதிர்த்தொழிற்பாட்டுச் சிதைவு. அதுவும் முதலாம் வரிசையே. கணக்குச் செய்யும் முறையும் இதுவே. அரைவாழ்வு என்ற எண்ணம் தோன்றியதும் அத்துறையிலேதான். 1900இல் ரதபோட், தோரியத்திலிருந்து வெளிவரும் வாயுவின் தொழிற்பாடு ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அரைவாசியாவதைக் கண்டார். இத்துறையில் எமது நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. அதைச் சொல்லாது விட மனம் வரவில்லை. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி அவர்களைக் கலை வரலாற்று அறிஞராகவே பலர் அறிவர். அவர் புவியியல் கற்று, இலங்கைக் கனிப்பொருள் அளவைக்குத் தலைமை தாங்கியவர். 1904இல் சபரகமுவப் பகுதியிற் கிடைத்த கரிய, பாரமான கனிப்பொருளொன்றை அவர் கண்டெடுத்தார். முதலில் யுரேனியக் கனிப்பொருளெனக் கருதப்பட்ட அது, தோரியம் மிக்க புதிய கனிப்பொருள் என டன்ஸ்ரன் என்பவராற் கண்டறியப்பட்டுத் தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. இலங்கையிலிருந்து சென்ற அக்கனிப்பொருளினின்று பெற்ற உப்பே, இலண்டனில் இராம்சேயின் ஆய்வுகூடத்தில் இளைஞரான ஒற்றோ ஹானிடம் கொடுக்கப்பட்டது. அதில் இரேடியத்தைப் பிரிக்க முற்பட்ட ஹான், எதிர்பாராத புதிய பொருளொன்றைக் கண்டு, 1905இல் இரேடியோதோரியம் எனப் பெயரிட்டு வெளியிட்டார். இன்றைய பெயர் தோரியம் 228. அரைவாழ்வுக் காலம் 1.9 ஆண்டு. 1905இற் பிரித்தெடுத்த ஒரு மாதிரியில் 1924இல் எவ்வளவு எஞ்சியிருக்கும்? 19 ஆண்டு பத்து அரைவாழ்வு. 1,024இல் ஒரு பங்கு.

அக்கதையின் பிற்பகுதி எமது கணக்குக்கு இன்னும் நெருங்கியது. விற்பனைக்கு வந்த தோரிய உப்புக்களின் தொழிற்பாடு, ஒரே அரைவாழ்வுக்கு அடங்கிக் குறையாமல், உப்புச் செய்யப்பட்ட காலத்தைப் பொறுத்து வேறுபட்டது. கணக்குப் பிழையென அதனை ஹான் தள்ளிவிடவில்லை. தோரியத்துக்கும் இரேடியோதோரியத்துக்கும் இடையில் இன்னொரு பொருள் இருத்தல் வேண்டுமென ஊகித்து, 1907இல் மெசோதோரியத்தைக் கண்டார். ஒரே ஒரு சோடி எண்ணை எடுத்து மாறிலியைக் கண்டுவிட்டு மற்றத் தரவுகளைப் பாராது விடும் மாணவருக்கு இதனை யாம் சொல்வதுண்டு. பரவொட்சைட்டுக் கணக்கில் நான்கு எண்களும் 0.025ஐச் சுற்றி நின்றன. அவ்வாறு நில்லாமல் 0.030, 0.026, 0.022 என ஒரே திசையில் நழுவிச் செல்லுமாயின், சராசரி எடுத்து மூடிவிடுதல் தகாது. வெப்பநிலை மாறியதா, ஊக்கி தளர்ந்ததா, தாக்கம் முதலாம் வரிசையே அன்றா என்று பார்த்தல் வேண்டும். செறிவின் மடக்கையைக் காலத்துக்கு எதிராக வரைபிற் குறித்தால், இந்நழுவல் வளைவாகக் கண்ணுக்கே புலனாகும்.

இப்பொழுது எமது தமிழ் வகுப்பில் ஒரு பயிற்சி நடைபெறுகின்றது. தாக்கவீத வினாவொன்றைக் கரும்பலகையில் எழுதுவோம். விடை காண வேண்டுவதில்லை. “தொடக்கத்தில் இருந்தது எவ்வளவு? இப்பொழுது எஞ்சியிருப்பது எவ்வளவு?” என்னும் இரண்டு வினாக்களுக்கு மாத்திரம் முழு வாக்கியத்தில் விடையெழுதல் வேண்டும். கலைப் பிரிவு மாணவரும் இதைச் செய்கின்றனர்; சிலர் விஞ்ஞானப் பிரிவு மாணவரிலும் சிறப்பாகச் செய்கின்றனர் என்பதை இரசாயன ஆசிரியர் ஒப்புக்கொள்ளமாட்டார். விடுதியிற் புத்தகத்தைத் திறவாதிருந்த அம்மாணவன் பிரிவு மாறவில்லை.

சென்ற தவணைப் பரீட்சைக்கு முன் இரசாயன ஆசிரியர் வினாத்தாளின் கையெழுத்துப் படியை எம்மிடம் கொண்டுவந்து, “ஆல், ஆக எல்லாம் சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ மாஸ்டர்” என்றார். நான்காம் வினாவில் ‘செறிவு 60 நிமிடத்தில் 75 வீதம் குறைந்தது’ என்றிருந்தது. உருபே இல்லை. 75 போயிற்றென்றால் எஞ்சியது கால். அரைவாழ்வுக் காலம் 30 நிமிடம். 75 எஞ்சியதென்றால் 144 நிமிடத்துக்கும் மேல். எதைக் கருதினீர்கள் என்று கேட்டோம். “முப்பது” என்றார். பேனாவை எடுத்து, ‘75 வீதத்தால்’ எனத் திருத்திக் கொடுத்தோம்.